ராணியின் வக்கீல் கேட்டு வாங்கிய புல்வெளி

மைக்ரோபிலிம் எடுக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்கள் இரண்டு பேர் போன வாரம் புனாவில், கோர்படியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு அலுவலகத்திலிருந்து யாராவது தேடி வந்தால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறும். அன்றும் ஏறியது. அவர்கள் வந்த விஷயத்தைச் சொன்னதும் இறங்கிவிட்டது. பழைய காகிதங்களைக் கட்டி வைத்திருக்கும் துணிகளையெல்லாம் அவிழ்த்து, ஆங்கிலத் தேதி வரிசையில் அடுக்கி, அட்டைப்பெட்டிகளில் போட்டுவிட்டால் படமெடுக்கச் சுலபமாக இருக்குமாம். பழைய அட்டவணைகள் தப்பும் தவறுமாக இருக்கின்றனவாம். அவற்றைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டார்கள்.

நான் போட்டுக் கொடுத்த காபியை அவர்கள் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு பொறுக்கவில்லை. மராத்தியில் ஆரம்பித்து, இந்திக்குப் போய், கடைசியில் தமிழில் திட்டிக்கொண்டிருந்தேன் என்று என் கணவர் சொன்னார். அந்தப் பெண்களுக்குத் தமிழ் தெரியாது. என் மகளுக்கே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இருந்தாலும் தமிழில்தான் எழுதுகிறேன். கோபமும் சந்தோஷமும் எனக்கு அதில்தான் முழுசாக வருகின்றன. யாராவது அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லட்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தட்டச்சராக, அவர்கள் வேலை செய்யும் அந்த ஆவணக் காப்பகத்தில் சேர்ந்தேன். என்னைப் போட்ட பிரிவில் கம்பெனிக் காலத்துக் கடிதங்கள் இருந்தன. சிறு சிறு சமஸ்தானங்களைக் கம்பெனி எப்படித் தன்னோடு சேர்த்துக்கொண்டது என்பதற்கான கடிதப் போக்குவரத்து முழுவதும் அங்கேதான். நாடு பிடித்த கதை என்றால் எல்லோரும் குதிரையையும் பீரங்கியையும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை பாதி நாடுகள் தபாலில்தான் போயின. “தங்கள் நலனில் என்றும் அக்கறையுள்ள நண்பன்” என்று கையெழுத்துப் போட்டுத்தான் அரண்மனையைக் காலி செய்யச் சொல்லுவார்கள்.

துரைமார் எழுதியது ஆங்கிலத்தில் இருக்கும். இந்தப் பக்கத்து ராஜாக்களும் வக்கீல்களும் எழுதியது மராத்தியில், அதுவும் மோடி எழுத்தில் இருக்கும். பேனாவைத் தூக்காமல் ஓட்டமாக எழுதுவதற்குக் குமாஸ்தாக்கள் கையாண்ட எழுத்து அது. முதலில் பக்கம் முழுக்கக் கோடு இழுத்துக்கொண்டு, அந்தக் கோட்டில் துணி காயப்போடுகிற மாதிரி எழுத்துகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். இன்றைய மராத்திக்காரர்களில் பெரும்பாலோருக்கே அது படிக்க வராது. மூன்று வருஷம் மாலை வகுப்புக்குப் போய் நான் படித்துவிட்டேன். தேர்வில் முதலிடம். திருநெல்வேலிக்காரிக்கு முதலிடமா என்று வகுப்பில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். அந்தச் சுளிப்பை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எங்கள் மேலதிகாரி பர்வே சாஹேப். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் பென்சில் மட்டும் இருக்கும், பேனா இருக்காது. ஆவண அறைக்குள் மசி வரக்கூடாது என்பது அவர் சட்டம். கட்டு அவிழ்ப்பதற்கு அவர் வைத்திருந்த முறையைக் கல்யாணச் சடங்கு என்று நாங்கள் கேலி செய்வோம். கையைக் கழுவ வேண்டும். துடைத்த பிறகு ஐந்து நிமிஷம் காயவிட வேண்டும். கட்டை மேசையில் வைத்ததும் முடிச்சு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று ஒரு சீட்டில் படம் வரைய வேண்டும். உள்ளே காகிதங்கள் இருக்கிற வரிசையை எண் போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தலைகீழாக இருந்தால் தலைகீழாகவே திரும்ப வைக்க வேண்டும். திருத்தக்கூடாது. முதல் வாரத்தில் ஒரு காகிதத்தை நேராகத் திருப்பி வைத்துவிட்டேன். அதைத் தலைகீழாக வைத்தவனுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும், உங்களுக்கு என்ன காரணம் என்று கேட்டார். சத்தம் போடவில்லை. அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. பதில் சொல்லும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான். என் தலையில் தேங்காயெண்ணெய் வழிகிறது என்று அறைக்குள் துணி கட்டிக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள் துணி கட்டிக்கொண்டு போனேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில்தான் தோண்டிபா வந்தார். மலைப்பக்கத்து ஊர், பேருந்தில் நாலு மணி நேரம். ஆடு மேய்க்கிற தங்கர் சாதிக்காரர். ஐம்பது வயதிருக்கும். தோளில் கறுப்புக் கம்பளி. வாசிப்பு அறையில் முனைவர்களும் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் உட்காரும் நாற்காலியில் அவரும் உட்கார்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. பிறகு எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

“எங்க காகிதம் இங்க இருக்குன்னு வக்கீல் சொன்னாரு, பாயிசாஹேப். அது இருக்கிற எடத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார்.

விஷயம் இதுதான். அவர்கள் ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஒரு பெரிய குரண், அதாவது மேய்ச்சல் புல்வெளி. தலைமுறை தலைமுறையாக ஊர் ஆடுகள் மேய்வது அங்கேதான். அரசின் ஓர் இலாகா அதை வேலி போட்டு மரம் வைக்கக் கேட்டது. அது பழைய ராஜாவின் சொந்த வேட்டைக்காடு, ராஜ்யத்தோடு சேர்ந்து கம்பெனிக்கு வந்தது, கம்பெனியிடமிருந்து அரசுக்கு வந்தது, ஊருக்கு அதில் எந்தப் பாத்தியதையும் கிடையாது என்பது இலாகாவின் வாதம். ராணி அதை ஊருக்கு எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் அரண்மனையை விட்டு இறங்கினாள் என்பது ஊரின் வாதம். வேலி அடைத்து, வாசலில் பூட்டும் போட்டாயிற்று. வழக்குத் தோற்றால் ஆடுகளை விற்றுவிட்டு நாற்பது குடும்பம் புனாவுக்கு மண் சுமக்க வரவேண்டியதுதான். அதைத் தோண்டிபா ஒரு புகார் மாதிரிக்கூடச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார்.

அந்த ராஜ்யத்தின் கதை எனக்கு மனப்பாடம். ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுகளின் கடைசியில், ஓர் ஆகஸ்டில், பிள்ளையில்லாமல் ராஜா செத்துப்போனார். தத்தெடுத்ததைக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. ராணியின் சார்பில் வாமன்ராவ் என்ற வக்கீல் கம்பெனியின் ஏஜெண்ட் துரையோடு எட்டு மாதம் பேசினார். துரை எழுதிய கடிதங்களில் அந்த மனிதர் மேல் எரிச்சல் கொட்டிக்கிடக்கிறது. இன்று முடித்துவிடலாம் என்றால், வாமன்ராவுக்கு வயிற்றுவலி. நாளை என்றால் ஏகாதசி. கையெழுத்துப் போடும் நேரத்தில், மொழிபெயர்ப்பில் ஓர் ஐயம் என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். தத்து போனது. பட்டம் போனது. கோட்டை போனது. கடைசியில் ஏப்ரலில், ஏழு கோரிக்கைகள் கொண்ட ஒரு பட்டியலை வாமன்ராவ் கொடுத்தார். துரை மேலிடத்துக்கு எழுதினார்: இத்துடன் இணைத்துள்ள பட்டியலில் முதல் ஆறும் மறுக்கப்பட்டன, ஏழாவது அற்பமானது, நிரந்தரமாக அனுமதித்துவிட்டேன், இனி இந்த மனிதரை நான் பார்க்க வேண்டியதில்லை.

ஏழாவது அனுமதிக்கப்பட்டது. ஏழாவது என்னவென்றுதான் யாருக்கும் தெரியாது. இணைப்பு இல்லை. மராத்தி இணைப்புகளை ஆங்கிலக் கடிதத்திலிருந்து பிரித்து மராத்திக் கட்டுகளில் சேர்ப்பது அந்தக் காலத்து ஏஜெண்ட் அலுவலக வழக்கம். அந்த ஆங்கில வருஷத்துக்கு எங்கள் அட்டவணை காட்டிய மராத்திக் கட்டுகள் எல்லாவற்றையும் நான் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை. ஏழாவது கோரிக்கை ராணியின் யானையாக இருக்கலாம், அந்த யானை செத்துவிட்டது என்று அரசு வக்கீல் கோர்ட்டில் சொன்னாராம். எல்லோரும் சிரித்தார்களாம். தோண்டிபாவும் சிரித்திருக்கிறார், யானைக்காக. அடுத்த வாய்தாவுக்கு மூன்று வாரம் இருந்தது.

வழி எங்கள் சாப்பாட்டு மேசையில் திறந்தது. என் கணவர் சாமுவேல் ரயில்வேயில் வண்டி சோதிப்பவர். ஊரில் அவர் பங்கு நிலத்துக்குச் சிட்டா நகல் அனுப்பியிருந்தார்கள். அதில் பசலி வருஷம், அதாவது நிலவரிக் கணக்கு வருஷம், ஒன்று தள்ளிப் போட்டிருக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தார். மார்ச் மாதத்து நகல்தானே, எந்த வருஷம் போட்டால் என்ன என்று நான் அசட்டையாகக் கேட்டுவிட்டேன்.

“என்ன இப்படிக் கேக்க? பசலி ஜூலையிலல்லா பொறக்கும்? மார்ச்சுல பழைய பசலிதான் ஓடிக்கிட்டிருக்கும். எங்க அய்யா மணியக்காரர்ட்ட நடந்த நடை எனக்குத் தெரியாதாக்கும்” என்றார்.

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. மராத்திக் கட்டுகள் பசலி வருஷப்படிதான் கட்டப்பட்டவை. தக்காணத்தில் பசலி ஜூனில், மிருகசீரிடத்து மழையோடு பிறக்கிறது. ஜூன் முதல் டிசம்பர் வரையிலான காகிதத்துக்குப் பசலியோடு ஐந்நூற்றுத் தொண்ணூறு கூட்டினால் ஆங்கில வருஷம் வரும். ஜனவரியிலிருந்து அடுத்த ஜூன் வரை ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று கூட்ட வேண்டும். வகுப்பில் படித்ததுதான். தெரிந்திருப்பது வேறு, சமயத்துக்கு உறைப்பது வேறு. எங்கள் அச்சிட்ட அட்டவணையில் ஒவ்வொரு கட்டுக்கும் எதிரே ஒரே ஓர் ஆங்கில வருஷம்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அட்டவணையின் ஐம்பது பக்கங்களைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஐந்நூற்றுத் தொண்ணூறு. கண்ணை மூடிக்கொண்டு கூட்டியிருக்கிறார்கள். அப்படியானால் ஏப்ரலில் வந்த காகிதம், அதற்கு முந்தைய வருஷம் என்று போட்டிருக்கும் கட்டில் இருக்க வேண்டும். நேரே பர்வே சாஹேபிடம் போனேன். அந்த முந்தைய வருஷக் கட்டைத் திறக்க அனுமதி கேட்டேன். ராஜா சாவதற்கு முந்தைய ஏப்ரலில் ராணியின் பட்டியலுக்கு என்ன வேலை என்று கேட்டார். எனக்கு அவசரம். அவசரத்தில் என் வாய் முன்னால் ஓடும், புத்தி பின்னால் வரும்.

“இந்த அட்டவணையைப் போட்டவர் தூங்கி வழிஞ்சிருக்கார், சாஹேப். மழை எப்ப வரும்னு தெரியாத ஆளு பசலி கணக்குப் போட்டா இப்படித்தான்” என்றேன்.

அவர் பென்சிலைப் பையிலிருந்து எடுத்தார். அட்டவணையை இழுத்து, நான் காட்டிய பக்கத்தில் நாலைந்து வரிகளைத் தொட்டுப் பார்த்தார். வழக்கமான பார்வை என் பக்கம் திரும்பவில்லை.

“இதைப் போட்டது நான், எஸ்தர்பாய்” என்றார்.

அட்டவணையில் யார் பெயரும் இல்லை, எனக்கு எப்படித் தெரியும்? அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போட்டதாம். மழைக்கு முன்னால் எல்லாக் கட்டுகளுக்கும் ஆங்கில வருஷம் போட்டு முடி, ஐந்நூற்றுத் தொண்ணூறைக் கூட்டிக்கொண்டே போ என்று அப்போதைய அதிகாரி சொல்லியிருக்கிறார். அறுவடைக் கணக்குகளுக்கு அது போதும் என்று நினைத்தாராம். அதில் அரசியல் காகிதங்களும் கலந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இவ்வளவையும் நின்றபடியே சொல்லிவிட்டு, கை கழுவப் போனார். ஐந்து நிமிஷம் காயவிட்டார். அன்று அந்த ஐந்து நிமிஷத்தில் நான் அவரைக் கேலி செய்யவில்லை.

கட்டை அவரே அவிழ்த்தார். முடிச்சை நான் வரைந்தேன். வரிசை எண்ணை எழுதினேன். நாற்பத்தொன்றாவது காகிதத்தில் வாமன்ராவின் முத்திரை இருந்தது. சைத்ர மாதம், ஏப்ரலை ஒட்டி வருவது. ஆங்கிலத் தேதியைக் குறித்திருக்க வேண்டிய மூலையைப் பூச்சி தின்றிருந்தது. ஏழு கோரிக்கைகளும் அப்படியே இருந்தன. ராணிக்குப் பட்டம், அரண்மனை, பீரங்கி இரண்டு, கொடி, ஆயுதக்காவல், யானை. ஆமாம், யானை ஆறாவது. ஏழாவதைச் சத்தமாகப் படித்தேன்: காலஞ்சென்ற மகாராஜா ஊர் ஆடுகளுக்கு விட்டிருந்த மேல்சரிவுக் குரண் ஊருக்கே என்றென்றும் இருக்க வேண்டும், அதில் எந்த சர்க்காரும் கைவைக்கக்கூடாது.

வாமன்ராவின் விளையாட்டு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல் ஆறும் துரை மறுப்பார் என்று அவருக்குத் தெரியும். ஆறு முறை இல்லை என்று சொல்லி அலுத்தவர் ஏழாவதுக்குச் சரி என்று சொல்லிவிடுவார். யானையைக் காட்டிப் புல்லை வாங்கியிருக்கிறார் மனிதர். சபாஷ் என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆவண அறையில் சத்தமாகப் பேசியதற்கு பர்வே சாஹேப் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

சான்றிட்ட நகல் எடுப்பது எங்கள் அலுவலகத்தில் தனிக் கலை. மோடியை நான் வரிக்கு வரி தேவநாகரியில் எழுத, அவர் மூலத்தைப் பார்த்துப் படிக்க, நான் நகலில் விரல் வைத்துச் சரிபார்க்க, பிறகு இடம் மாறி இன்னொரு முறை. பூச்சி தின்ற இடத்தை வெற்றிடமாகவே விடவேண்டும். ஊகித்து ஓர் எழுத்துக்கூட நிரப்பக்கூடாது. அந்த மூலையை நிரப்ப எனக்குக் கை துறுதுறுத்தது. அவர் நகலில் அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு, “மூலத்தில் இல்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

கோர்ட்டில் அரசு வக்கீல் அந்த மூலையைத்தான் பிடித்தார். கெட்டிக்காரர். நகலை ஒதுக்கி வைத்துவிட்டு எங்கள் அச்சிட்ட அட்டவணையை நீட்டினார். இந்தக் கட்டு முந்தைய வருஷத்தது என்று உங்கள் அலுவலகமே அச்சிட்டிருக்கிறது. ஏப்ரலில் ராஜா உயிரோடு இருந்தார். உயிரோடு இருப்பவரைக் காலஞ்சென்ற மகாராஜா என்று சொல்லும் காகிதம், ஒன்று அவர் அப்பாவைப் பற்றியது, இல்லையென்றால் போலி. இந்தப் பேச்சுவார்த்தைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். பின் வரிசையில் தோண்டிபா கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

பர்வே சாஹேப் கூண்டில் ஏறினார். ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. அந்த அட்டவணையை நம்பி எழுதிய புத்தகங்கள் எத்தனையோ, முன்னுரையில் அவருக்கு நன்றி சொன்னவர்கள் எத்தனையோ பேர். அட்டவணை சரியா தவறா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார் அரசு வக்கீல்.

“தவறு. அதைத் தயாரித்தவன் நான். தவறும் என்னுடையது. இந்த ஒரு காகிதத்தில் மட்டும் அல்ல, ஜனவரியிலிருந்து ஜூன் வரை எழுதப்பட்ட ஒவ்வொரு காகிதத்திலும்” என்றார்.

அலுவலகத்தில் பேசுகிற அதே குரலில்தான் பேசினார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். என் பெயரை முழுதாகச் சொன்னார் சாஹேப், பதவியோடு. பிறகு பசலிக் கட்டைத் திறந்து, நாற்பதாவது காகிதத்தையும் நாற்பத்திரண்டாவது காகிதத்தையும் காட்டினார். இரண்டிலும் ஆங்கிலத் தேதி பூச்சி படாமல் இருந்தது. முன்னதில் மார்ச் கடைசி, பின்னதில் மே. இரண்டும் ராஜா செத்ததற்கு அடுத்த வருஷம். இடையில் இருப்பது ஏப்ரல். வந்த வரிசை கலையாமல், நூற்று முப்பது வருஷமாக அவை ஒன்றன்கீழ் ஒன்றாகவே இருந்தன. அதற்கு முடிச்சுப் படமும் வரிசைச் சீட்டும் சாட்சி. ஓரத்தில் தலைகீழாக இருந்த ஒரு காகிதத்தைக்கூட நாங்கள் திருப்பவில்லை என்றார். பெண்களே, கட்டை அவிழ்த்துத் தேதி வரிசையில் அடுக்குகிறோம் என்கிறீர்களே, தேதியில்லாத நாற்பத்தொன்றாவது காகிதத்தை எந்தப் பெட்டியில் போட்டிருப்பீர்கள்? தவறான அட்டவணையைத் தூக்கிப் போட்டிருந்தால், அந்தத் தவறு எப்படி வந்தது என்று எதை வைத்து அவர் நிரூபித்திருப்பார்?

தீர்ப்பு வர இரண்டு மாதம் ஆனது. ஏழாவது கோரிக்கை செல்லும் என்று நீதிபதி படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். உட்காருங்கள் என்று சேவகர் அதட்டினார். உட்காரவில்லை. தோண்டிபாவுக்குத் தீர்ப்பின் ஆங்கிலம் புரியவில்லை. என்னைப் பார்த்தார். ஆடுகளை ஓட்டலாம் என்று மராத்தியில் சொன்னேன். எழுந்து வந்து பர்வே சாஹேப் காலில் விழப் போனார். சாஹேப் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டார். பத்து வருஷப் பழக்கத்தில் அவர் பதறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானும் சாமுவேலும் தோண்டிபாவின் ஊருக்குப் பேருந்து பிடித்தோம். சாஹேப் எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அந்தச் சரிவில் வாசல் கம்பிகளுக்கு வெளியே ஊர் முழுக்க நின்றது, ஆடுகளோடு. இலாகாவின் ஆள் வந்து பூட்டைத் திறந்தார், கௌரவமாகவே திறந்தார். தோண்டிபா நாக்கை மடித்து ஒரு சீழ்க்கை அடித்தார். முதல் ஆடு உள்ளே போகத் தயங்கியது. பின்னால் இருந்தவை தள்ளின. பிறகு மடை திறந்தது போலப் போயின, கறுப்பும் வெள்ளையுமாக, இடுப்பளவுப் புல்லுக்குள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறில்லை, என் கல்யாண நாளையும் சேர்த்தே சொல்கிறேன். சாமுவேல் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எட்டு மாதம் வாதாடி ஒரு ராஜ்யத்தையே தோற்றுவிட்டு, துரையின் ஏளனத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்த வாமன்ராவ் வக்கீல், அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு வழக்கை ஜெயித்தார்.